உஷ் சாரின் இடது பக்கம்

மைசூரில் ஓடுகிற கார்களுக்கெல்லாம் சேர்த்து மொத்தம் எத்தனை சத்தம் உண்டோ, அத்தனையும் உஷ் சாருக்குப் பழக்கம். முகம் மறந்துபோன சொந்தக்காரர்கள் அவருக்கு நிறையப் பேர் உண்டு. ஒரு முறை கேட்ட சைலன்சரை அவர் மறந்ததாகச் சரித்திரமே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். வெளியே ஒரு கார் போகும். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உங்க எதிர்வீட்டுக்காரர் ஆபீசுக்குக் கிளம்பிட்டார். ஃபேன் பெல்ட்டை மாத்தச் சொல்லுங்க" என்பார். அந்தக் காரின் நிறம் என்ன என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

உஷ் சார் என்பது நாங்கள் வைத்த பெயர். பெற்றோர் வைத்தது சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. நஞ்சன்கூடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் பம்ப் ஹவுஸ் சூப்பர்வைசர். நான் அதே இடத்தில் டெஸ்பாட்ச் பிரிவு. ஏழு பம்புகளுக்கு நடுவில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்த மனிதருக்குக் காது மந்தமாகியிருக்க வேண்டும். இவருக்கு அது கூர்மையாகிவிட்டது. கேன்டீனில் புளியோதரையைப் பிசைந்துகொண்டே இருப்பார், திடீரென்று கையைத் தூக்கி "உஷ்" என்பார். மொத்த கேன்டீனும் வாயில் போட்டதை மெல்லாமல் நிறுத்தும். "நாலாம் நம்பர் தண்ணி இல்லாம ஓடுது" என்று சொல்லிவிட்டு எச்சில் கையோடு ஓடுவார். நாலாம் நம்பர் தண்ணீர் இல்லாமல்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தத் திறமை தொழிற்சாலை வாசலோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். எங்கள் மேனேஜர் மகள் கல்யாணத்தில், கெட்டிமேளத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாதஸ்வரக்காரரைப் பார்த்து "உஷ்" என்றார். ஜெனரேட்டர் சரியில்லையாம். எல்லோரும் அவரை முறைத்தார்கள். பத்தாவது நிமிஷம் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றது. மண்டபம் முழுக்க இருட்டு. அவர் சொன்னது சரி என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர் வாய்தான் சரியில்லை என்றார்கள்.

நான் ஒரு பழைய கார் வாங்கியபோது, ஸ்ரீராம்புராவிலிருந்து தினமும் தனியாகப் போவானேன் என்று இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். வித்யாரண்யபுரத்தில் உஷ் சார் ஏறுவார், முன் சீட். அடுத்த திருப்பத்தில் லேபில் வேலை செய்கிற சாந்தி மேடம், பின் சீட். மேடத்துக்குச் சொந்த ஊர் கொள்ளேகால். பேச ஆரம்பித்தால் தொழிற்சாலை வாசல் வரைக்கும் நிறுத்தமாட்டார். அதனால் உஷ் சாருக்கும் அவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் உடன்பாடு ஆயிற்று. பாதி வழியில் வருகிற கடகொளா வரை மேடம் பேசலாம். அதற்குப் பிறகு கார் பேசும், சார் கேட்பார்.

மூன்று மாதம் கார் நன்றாகவே பேசியது. ஒரு திங்கட்கிழமை காலை, ஏர்போர்ட்டைத் தாண்டும்போது, மேடத்தின் பேச்சு நேரத்திலேயே அவர் கையைத் தூக்கினார்.

"உஷ். முருகேஷ், ஸ்வல்ப ஸ்லோ பண்ணுங்க. இப்போ திரும்ப ஏத்துங்க. நாப்பதுக்கு மேல போனா ஒரு ஊளை வருது, கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. மேடத்துக்கும் கேட்கவில்லை. அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் அவர் சொன்ன பிறகு உற்றுக் கேட்டேனா, கேட்டது. அதன் பிறகு எனக்கு வேறெதுவுமே கேட்கவில்லை. நாற்பதில் தொலைவில் யாரோ சங்கு ஊதுவதுபோல. ஐம்பதில் அந்த ஆள் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டதுபோல. அறுபதில் என் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து ஊதுவதுபோல. வேகத்தைக் குறைத்தால் அவன் மறுபடி தொலைவுக்குப் போய்விடுவான்.

அன்றைக்கே உஷ் சார் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். வேகத்தை ஒரு பக்கம் எழுதி, எதிரே அந்த வேகத்தின் சத்தத்தைத் தமிழில் எழுதினார். முப்பது: ஒன்றுமில்லை. நாற்பது: ஊம். ஐம்பது: ஊஊம். அறுபது: ஊஊஊங். எழுபதுக்கு எதிரே இடம் காலியாக இருந்தது, ஏனென்றால் மேடம் எழுபதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

அவருடைய முறை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவது. முதல் கேள்வி, இது எஞ்சின் சத்தமா, சக்கரச் சத்தமா. அடுத்த நாள் காலியான நேர்சாலையில் அறுபதில் போகும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குத் தள்ளச் சொன்னார். எஞ்சின் அடங்கிவிட்டது. கார் தன்பாட்டுக்கு உருண்டது, ஊளையும் கூடவே உருண்டது. வேகம் குறையக் குறைய அதுவும் குறைந்தது. "பாத்தீங்களா, இஞ்சின் பாவம், அது மேல தப்பில்ல" என்று சொல்லி நோட்டில் எஞ்சினை அடித்துவிட்டார். இவ்வளவு நிம்மதியாக ஒருவர் ஒன்றை விடுதலை செய்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது கேள்வி, டயரா, பேரிங்கா. டயர் சத்தமாக இருந்தால் சாலைக்குச் சாலை மாறுமாம். சக்கரத்துக்குள் இருக்கிற பேரிங் சாலையைப் பற்றிக் கவலைப்படாதாம். அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கப்பட்டணம் வரை போனோம். நல்ல தார் ரோட்டில் பத்து கிலோமீட்டர், தேய்ந்துபோன பழைய ரோட்டில் பத்து கிலோமீட்டர். கோயில் வாசல் வரை போயும் பெருமாளைப் பார்க்க அவர் இறங்கவில்லை. ஊளை எல்லாச் சாலையிலும் ஒன்றாகவே இருந்தது. டயரும் விடுதலையாயிற்று.

மிச்சம் இருந்தது நான்கு சக்கரங்களில் எது என்ற கேள்வி. அடுத்த ஞாயிறு ரிங் ரோட்டுக்குப் போனோம். காரை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓட்டவேண்டும். பாரம் எந்தச் சக்கரத்தில் விழும்போது சத்தம் கூடுகிறதோ அதுதான் குற்றவாளி. பின்பக்கத்துச் சத்தத்தை ஒழுங்காகக் கேட்பதற்காக அவர் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, முன் சீட்டில் மண்டியிட்டு, பின்பக்கம் பார்த்துத் திரும்பி, சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் சாலையைப் பார்த்து ஓட்ட, அவர் "ஜாஸ்தி, கம்மி, ஜாஸ்தி, கம்மி" என்று பின் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார்.

காலை பத்து மணிக்குப் பாம்புபோல ஓடுகிற காரையும், அதற்குள் சீட்டைக் கட்டிப்பிடித்துப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய மனிதரையும் பார்த்தால் எந்தப் போலீஸ்காரர்தான் நிறுத்தமாட்டார். அவர் எங்கள் இருவரையும் ஊதச் சொன்னார். ஊதினோம். ஃபில்டர் காபி வாசனைதான் வந்தது. அது அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. பெல்ட்டுக்கு அபராதம் எழுதிக்கொண்டு, குடிக்காமல் இப்படி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதைவிட மோசம் என்று கன்னடத்தில் அறிவுரை சொல்லி அனுப்பினார்.

உஷ் சாருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. நோட்டில் கடைசிப் பக்கத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுவிட்டார்: இடது, பின்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் காரைத் தூக்கி இடது பின் சக்கரத்தைக் கையால் சுற்றினார். சத்தம் இல்லை, ஆட்டமும் இல்லை, மற்றதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றார். நான் அவருக்கு நோட்டைக் காட்டினேன். நாற்பது பக்க ஆராய்ச்சிக்கு எதிராக அவரிடம் இருந்தது ஒரு ஜாக்கி மட்டும்தான். தோளைக் குலுக்கிவிட்டு இடது பின் பேரிங்கை மாற்றிக் கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை நாற்பதைத் தொட்டேன். சங்கு ஊதியது.

எனக்கு அன்று ஏற்கெனவே மனசு சரியில்லை. ஒரு மாதமாக என் கார் என் கார்போலவே இல்லை. இரண்டு ஞாயிறுகள் போயின, போலீஸ்காரர் முன்னால் ஊதினேன், சரியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பேரிங்கைப் பிடுங்கிப் போட்டேன். உஷ் சார் வழக்கம்போல நோட்டைத் திறந்து, ஒருவேளை புது பேரிங் பழக இரண்டு நாள் ஆகலாம் என்று ஆரம்பித்தார். நான் பேசியது எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் பேசினேன்.

"சார், உங்களுக்குச் சத்தம் வேணும்னா பம்ப் ஹவுஸ்ல கேட்டுக்குங்க. நாளையிலேருந்து நீங்க பஸ்லயோ டிரெயின்லயோ வாங்க."

அவர் நோட்டை மூடிப் பையில் வைத்தார். தொழிற்சாலை வாசலில் இறங்கி, கதவை அடித்துச் சாத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பூட்டுக்கு வலிக்காமல் மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அவர் ரயிலில் வந்தார். எங்கள் காரில் எல்லாச் சுதந்திரமும் வந்துவிட்டது. கடகொளாவுக்கு அப்புறமும் மேடம் பேசலாம். பாட்டுப் போடலாம். ஆச்சரியம் என்னவென்றால், இரண்டே நாளில் எங்களுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. முன் சீட் காலியாக இருந்தது. மேடம் அதில் வந்து உட்கார ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது வாரம் ஒரு நாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "சார், எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆனா இப்பல்லாம் முப்பதுலயே ஊதுதுங்க."

நான் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் கோபிநத்தம் போகவேண்டியிருந்தது. அது என் மனைவி பூங்கொடியின் ஊர். ஞாயிறு காலை அவள் தங்கை மகளுக்குக் காதுகுத்து. டி. நரசீபுரம், கொள்ளேகால், ஹனூர் வழியாகப் போய், மாதேஸ்வரன் மலை வளைவுகளில் ஏறி, இறங்கிப் போகவேண்டும். காலை ஆறு மணிக்கு நானும் பூங்கொடியும் சீர்த்தட்டுகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஏழாவது படிக்கிற எங்கள் மகள் பின் சீட்டில் தலையணையோடு ஏறிவிட்டாள். அப்போது ஓர் ஆட்டோ வந்து காருக்கு முன்னால் குறுக்கே நின்றது. உஷ் சார் இறங்கினார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை.

கையிலிருந்த தட்டைப் பூங்கொடியிடம் கொடுத்தேன். அவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"முருகேஷ், வண்டிய எடுக்காதீங்க. இடது இல்ல. வலது."

"என்ன சார்?"

"ஒம்பது நாள் டிரெயின்ல நின்னுக்கிட்டே வந்தேன். நேத்து சாயங்காலம் போன்ல மேடம் சொன்னாங்க, நீங்க மலைக்குப் போறீங்கன்னு. நேத்து காலையிலதான் எனக்கு முதல் தடவையா ஜன்னல் சீட் கிடைச்சுது. பின்பக்கம் பாத்த சீட்டு. உங்க கார்ல தினமும் என் இடது கைப்பக்கம் வர்ற சாமுண்டி மலை, வலது கைப்பக்கம் வந்துது. மலை எப்படி இடம் மாறிச்சுன்னு கடகொளா வரைக்கும் யோசிச்சேன். ராத்திரி, மேடம் போனை வச்சப்புறம்தான் எனக்கு உறைச்சுது. அன்னைக்கு ரிங் ரோட்டுல நான் திரும்பி உட்கார்ந்திருந்தேன். என் இடது கைப்பக்கம்னு எழுதினேன். அது உங்க காருக்கு வலது."

ஒரு மாத ஆராய்ச்சி, நாற்பது பக்க நோட்டு, ஒரு புது பேரிங், ஒரு நட்பு, எல்லாம் போனது ஒரு மனிதர் எந்தப் பக்கம் பார்த்து மண்டி போட்டார் என்பதில். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இவர் இதை எனக்குச் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

போன் பண்ணியிருக்கலாமே சார் என்றேன். பண்ணினால் நான் எடுக்கமாட்டேன் என்று நினைத்தாராம். அவர் நினைத்தது சரி.

அவர் பையைத் திறந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்தார். புது பேரிங். நேற்று ராத்திரி கடை அடைக்கும் நேரத்தில் போய் வாங்கியிருக்கிறார். இது வலது பக்கத்துக்குப் பொருந்துமா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"பேரிங்குக்கு லெஃப்ட் ரைட் கிடையாது முருகேஷ். அது எனக்குத்தான் இருந்திருக்கணும்."

இந்த நேரத்தில் மைசூரில் எந்த ஒர்க்‌ஷாப்பும் திறந்திருக்காது. நரசீபுரத்தில் நெடுஞ்சாலையோரம் ஒருவர் ஏழரைக்குத் திறப்பார் என்று எனக்குத் தெரியும். அதுவரைக்கும் முப்பதைத் தாண்டாமல் போகலாமா, பஸ்ஸில் போய்விடலாமா என்று நானும் அவரும் விவாதித்துக்கொண்டிருந்தோம். பூங்கொடி கடைசித் தட்டை டிக்கியில் வைத்து மூடினாள்.

"ஏனுங்க, பேசிட்டே நின்னா ஆகுமா? சாரையும் கூட்டிட்டுப் போலாம். சார், நீங்க முன்னால ஏறுங்க. நேரா பாத்து உக்காருங்க."

மாற்றுச் சட்டைகூட இல்லாமல் ஏறினார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லி இறங்குவார். இடது பின் சக்கரத்தின் நடுவில் புறங்கையை வைப்பார், பிறகு வலது பின் சக்கரத்தில் வைப்பார். முதல் தடவை இரண்டும் ஒன்றுபோல இருந்தன. இரண்டாவது தடவை வலதில் வைத்த கையைச் சட்டென்று எடுத்தார். மூன்றாவது தடவை கையை வைக்கவே இல்லை, பக்கத்தில் கொண்டுபோனதே போதுமாயிருந்தது. கடைசி எட்டு கிலோமீட்டர் மாட்டுவண்டிக்குப் பின்னால் போனோம், அதை முந்தவில்லை. என் மகள், நம்ம சக்கரம் கழண்டுவிடுமா அங்கிள் என்று கன்னடத்தில் கேட்டாள். அவர் கழலாது என்று சொல்லவில்லை. "நான் கேட்டுக்கிட்டே இருக்கேன் புட்டி" என்றார், கன்னடத்தில் குட்டிப்பெண்ணைக் கூப்பிடுவதுபோல.

நரசீபுரத்து மெக்கானிக் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். சூடு ஆறும்வரை காத்திருந்துவிட்டு, வலது பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினார். மாவு மில்லில் கல் விழுந்ததுபோல ஒரு கரகர. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், சக்கரம் ஆடிக் காட்டியது. பேரிங்கைக் கழற்றி எடுத்தபோது உள்ளே உருண்டைகளைப் பிடித்து வைத்திருக்கும் வளையம் உடைந்து, இரண்டு துண்டு கையோடு வந்தது. இதை வைத்துக்கொண்டு மலை வளைவில் ஏறியிருந்தால் சக்கரம் உங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்திருக்கும் என்று கன்னடத்தில் சொன்னார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். பூங்கொடி மகளைத் தன் பக்கம் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

உஷ் சார் சற்றுத் தள்ளி, டயர்கள் அடுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் பேசியது தப்பு சார் என்றேன். அவர், தான் கேட்டது சரிதான், எழுதினதுதான் தப்பு என்றார். இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். அது போதுமாயிருந்தது.

பேரிங் மாற்றிய பிறகு நாற்பது, ஐம்பது, அறுபது. ஹனூருக்கு முன்னால் எழுபது. அந்த நோட்டில் காலியாக இருந்த கட்டத்துக்கு எதிரே அவர் ஒன்றும் எழுதவில்லை, எழுத ஒன்றும் இல்லை. மலை வளைவுகளில் நான் ஹாரன் அடித்ததைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

கோபிநத்தத்தில் அவர் என் மச்சானின் வேட்டியைக் கட்டிக்கொண்டார். அது அவருக்கு முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் வந்தது. இவர் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பூங்கொடி, எங்கள் வீட்டுப் பெரியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காதுகுத்தும்போது குழந்தை வீறிட்டது. மொட்டையடித்த அந்தத் தலையை அவர்தான் முதலில் தடவிக் கொடுத்தார். அதுவும் என்ன காரணமோ, சட்டென்று அழுகையை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தது.

ஞாயிறு விருந்து முடிந்து மத்தியானம் கிளம்பினோம். ஹனூரைத் தாண்டியதும் உஷ் சார் தூங்கிவிட்டார். இத்தனை மாதத்தில் அவர் என் காரில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது, வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பள்ளம் வருகிற இடங்களில் நான் வண்டியை ஏறக்குறைய நிறுத்தித்தான் இறக்கினேன். என் பின்னால் வந்த பஸ்காரர் பொறுமையிழந்து முந்திக்கொண்டு போனார்.

வித்யாரண்யபுரத்தில் அவர் வீட்டு வாசலுக்கு வந்தபோது மணி ஆறு. இன்னும் வெளிச்சம் இருந்தது. நான் சாவியில் கை வைத்தேன். பின்னாலிருந்து என் மகள் தோளைத் தொட்டாள்.

"ஆஃப் பண்ணாதீங்கப்பா. வண்டி நின்னா அங்கிள் எழுந்துடுவாரு."

கையை எடுத்துவிட்டேன். அவர் மனைவி கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்து பார்த்தார். நான் ஜன்னலை இறக்கிச் சைகை காட்டினேன். புரிந்துகொண்டு உள்ளே போனவர், மூன்று டம்ளர்களோடு திரும்பி வந்து, ஒவ்வொரு ஜன்னலாக ஓசைப்படாமல் நீட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் காருக்குள்ளேயே உட்கார்ந்து காபியை நன்றாக ஆற விட்டுக் குடித்தோம். எங்களுக்குப் போக அவசரம் ஒன்றும் இல்லை.